இரண்டு முறை கூட்டிய நாள்

இதில் திகதிகள் இல்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். நாள், கிழமை, பிறை, நேரம் நான்கையும் குறிக்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. ஆனால் எங்கள் குடியேற்றம் சின்னது. நாள் தெரிந்தால் வீடு தெரிந்துவிடும். ஆகவே கிழமைகளை மட்டும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். திகதிகள் என் கொப்பிகளில் பத்திரமாக இருக்கின்றன.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர்களைப் பதிந்த உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் பிறந்த திகதிகளைக் கேட்டார். பத்திரங்கள் அலுமாரிக்குள் இருந்தன, அலுமாரி மன்னாரில் இருந்தது. உம்மா என் பிறப்பை நோன்புக் கணக்கில் சொன்னார், தம்பியின் பிறப்பை ஹஜ்ஜுக் கணக்கில் சொன்னார். உத்தியோகத்தர் பேனையை உதறினார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வருடத்து ஜனவரி முதலாம் திகதியை எழுதினார். எங்களுக்கிடையில் பதினான்கு மாத வித்தியாசம். “இது பிழை” என்று நான் சொன்னேன். “ஒரு நாள்தானே மகள், என்னத்தையாவது எழுதினாச் சரி” என்றார். இன்றுவரை பத்திரத்தில் நானும் தம்பியும் இரட்டையர்.

அந்தக் கிழமையே ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்கினேன். பிறப்பு, மௌத்து, கலியாணம், கிணறு வெட்டியது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது, எங்கள் ஒழுங்கைக்குள் முதல் பஸ் திரும்பியது. எங்களுக்கு நாள் மஃரிபோடு தொடங்குகிறது. சூரியன் மறைந்தால் அடுத்த நாள் பிறந்துவிட்டது. சனிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு ஒருவர் மௌத்தானால் ஊரில் எல்லோரும் ஞாயிறு என்றுதான் சொல்வார்கள், நானும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில்தான் எழுதுவேன். யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. வலது கையால் சாப்பிடுவதுபோல அது கையோடு வந்தது. இதை நினைவில் வைத்திருங்கள். நான் மறந்துபோனேன்.

புத்தளம் நகரத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை எனக்கு. கலியாண அட்டை, பள்ளிவாசல் அறிவித்தல், உப்பு மூடைக்கு ஒட்டும் துண்டு, தேர்தல் வந்தால் மூன்று மொழியிலும் பொய். அந்த வேலைக்காகத்தான் எழுதவும் திருத்தவும் உதவும் ஒரு மென்பொருளைப் பழகினேன். இலவசமானது, பழையது, முகத்தில் எந்த அலங்காரமும் இல்லாதது. திறந்தால் வெறும் எழுத்து. ஆனால் அதற்குள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் செயல்கள் முன்கூட்டியே கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. சுட்டியை அடுத்த வரிக்கு நகர்த்த ஒன்று, வரிகளை அகர வரிசையில் அடுக்க ஒன்று, ஒரு நாளை இன்னொரு நாட்காட்டிக்கு மாற்ற ஒன்று. இவற்றைச் செயற்கூறுகள் என்போம். போதாவிட்டால் நாமே ஒன்றைக் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் பின்னால் சாய்ப்புக் கூரையாக ஒரு பத்தி இறக்குவதைப்போல. என் கொப்பிகளை முழுவதும் அதில்தான் ஏற்றினேன்.

ஒவ்வொரு செயற்கூறோடும் அதன் விளக்கம் ஒட்டிக்கொண்டே வரும். பெயரைத் தட்டி உதவி கேட்டால், அது என்ன செய்யும், அதற்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பக் கிடைக்கும், எப்போது மறுக்கும் என்று சொல்லும். எல்லாம் ஆங்கிலத்தில். அவற்றைத் தமிழில் எழுதச் சிலர் இணையத்தில் சேர்ந்திருந்தார்கள். நானும் சேர்ந்தேன். வேலை முடிந்து அஸர் தொழுத பிறகு ஒரு மணித்தியாலம், வெள்ளிக்கிழமையில் இரண்டு.

எனக்கு ஒரு விதி இருந்தது: செய்து பார்க்காமல் எழுதக்கூடாது. வரிவரியாக முன்னே போகும் செயற்கூறு ஒன்று, போகச் சொன்ன அளவுக்கு வரிகள் இல்லாவிட்டால் எத்தனை வரி மிச்சம் என்ற எண்ணைத் திருப்பித் தரும். ஊரின் கிணறுகளின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, இருப்பதைவிட அதிகமான வரிகள் போகச் சொல்லிப் பார்த்தேன். கடைசி வரியை முடிக்காமல் விட்டிருந்தால் அதை ஒரு வரியாக எண்ணுமா, எண்ணாதா? எண்ணும். இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒரு பின்னேரம் போனது. பின்னோக்கி ஓர் எழுத்தை அழிக்கும் செயற்கூறு என்று இன்னொன்று. ‘மீ’ என்று எழுதி ஒருமுறை அழித்தால் ‘ம’ மிஞ்சி நிற்கும். அப்படியானால் அது அழிப்பது எழுத்தை அல்லவே? அதையும் எழுதினேன்.

“இதை மெஷினில போட்டா ஒரே நாளையில மொழிபெயர்த்துத் தருமே ராத்தா” என்றார் அச்சக முதலாளி. என்னைவிட வயதில் இளையவர், அதனால் நான் அவருக்கு ராத்தா, அக்கா.

“தரும். ‘மீ’யை அழிச்சா என்ன மிஞ்சும் எண்டு அதுக்கிட்டக் கேட்டுப் பாருங்க.”

“என்ன மிஞ்சும்?”

“நீங்களே அழிச்சுப் பாருங்க.”

அவர் அழித்துப் பார்த்தார். பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

எங்கள் குழுவை ஒருங்கிணைத்தவர் கடலுக்கு அப்பால் ஒரு பெரிய நகரத்தில் இருந்தார். நல்ல மனிதர், கறாரானவர். என் விளக்கங்கள் நீளம் என்பது அவருடைய ஓயாத முறைப்பாடு. உதாரணங்களில் கனமூலை, குறிஞ்சிப்பிட்டி என்று ஊர்ப்பெயர்கள் எதற்கு என்று கேட்டார். வேறு யாரோ தங்கள் ஊர்ப்பெயரை எழுதியிருந்ததைக் காட்டினேன். அது பெரிய நகரம், எல்லோருக்கும் தெரியும் என்றார். கனமூலையும் கனமூலையில் எல்லோருக்கும் தெரியும் என்று பதில் போட்டேன்.

உண்மையான சண்டை நாட்காட்டிச் செயற்கூறில் வந்தது. ஓர் ஆங்கிலத் திகதியைக் கொடுத்தால் அதற்குரிய இஸ்லாமியத் திகதியை அது திருப்பித் தரும். மூல விளக்கத்தில், அந்த நாளில் சூரியன் மறையும் முன் உள்ள திகதி என்று இருந்தது. தமிழில் அந்தச் சொற்கள் தேவையில்லை என்று அவர் வெட்டிவிட்டார். நான் திரும்பப் போட்டேன். மறுபடி வெட்டினார். மூன்று கிழமை, மூன்று முழு வாரம், இப்படியே போனது. கடைசியில் நான் அந்தச் சொற்களை மட்டுமல்ல, ஒரு முழு வாக்கியத்தையே சேர்த்து அனுப்பினேன்: ‘சூரியன் மறைந்த பிறகு நடந்தவற்றுக்கு ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளவும்.’ களைத்துப்போய் ஏற்றுக்கொண்டார். அன்றைக்குப் பாணும் மீன் சம்பலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வென்றவர் நடக்கிற நடை நடந்தேன்.

அந்தச் செயற்கூறை வைத்து எனக்கென்று ஒன்றைக் கட்டியும் இருந்தேன். ஊரில் ஒரு மௌத்து விழுந்தால் அந்த வீட்டாருக்கு ஒரு தாள் அடித்துக் கொடுப்பேன். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் ஓதும் கத்தம், வருடக் கத்தம், மனைவி இருந்தால் அவருடைய இத்தா முடியும் நாள். இத்தா என்பது கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் காலம். பிறைக் கணக்கில் நாலு மாதமும் பத்து நாளும். என் பதிவில் மஃரிபுக்குப் பின் என்ற அடையாளம் இருந்தால் என் செயற்கூறு ஒரு நாளைக் கூட்டிவிட்டு எண்ணும். பிறை ஒரு நாள் முந்தினாலோ பிந்தினாலோ அறிவித்ததைக் கேட்டுக் கையால் திருத்துவேன். அந்தத் தாள்களை மக்கள் அலுமாரிக் கதவில் ஒட்டினார்கள். “கொம்பியூட்டர் தாள்” என்று அதற்குப் பெயர்.

எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பெண் இருந்தாள். எங்களைப்போல மன்னார்க் குடும்பம். கணிதம் படித்த பட்டதாரி. நெடுங்காலமாகப் புத்தளத்தில் வேரூன்றிய ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கணவர் கற்பிட்டிப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றும் லொறி ஓடினார். ஒரு சனிக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டு எழும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் நடுப்பகல் லுஹர்த் தொழுகைக்கு முன் அடக்கம். நான் ஞாயிற்றுக்கிழமையில் பதிந்தேன், மஃரிபுக்குப் பின் என்று அடையாளமும் போட்டேன், தாளை அடித்துக் கொடுத்தேன். இத்தா ஒரு புதன்கிழமை மஃரிபோடு முடியும் என்று அதில் இருந்தது. கணவரின் மூத்த நானா, அதாவது அவள் மச்சான் என்று கூப்பிடும் அண்ணன், அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்தார்.

நாலு மாதம் முடிந்து சில நாட்களில், ஒரு சனிக்கிழமை அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

“ராத்தா, ஒரு கதை. கோவிக்கக் கூடாது.”

“செல்லு, என்ன கதை?”

“உங்கட தாளில ஒரு நாள் கூடிப்போச்சு.”

நான் கோபித்தேன். “என்ர கணக்கு ஒரு நாளும் பிழைச்சதில்ல” என்றேன். ஏதோ தூக்கமில்லாமல் எண்ணியிருப்பாய் என்றும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “புதன்கிழமை காலையில எனக்கு நேர்முகப் பரீட்சை ராத்தா. டீச்சர் நியமனத்துக்கு. கடிதம் நேத்து வந்த. செவ்வாய் மஃரிபோட முடியுது எண்டா நான் போறன். புதன் மஃரிப் எண்டா போகல்ல. நீங்க வந்து பாருங்க.”

ஞாயிறு காலை போனேன். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே திரை கட்டியிருந்தது. அதற்கு அப்பால் வெள்ளை உடுத்து, மேசைக்கு முன்னால் இருந்தாள். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியை என்னிடம் தந்தாள். முதல் இரவிலிருந்து ஒவ்வொரு மஃரிபுக்குப் பிறகும் ஒரு கணக்குச் செய்திருக்கிறாள். பக்கத்துக்கு ஒரு கணக்கு. மேலே இலக்கமும் கிழமையும், அறிவித்தபடி அன்றைய பிறைத் திகதியும். முதல் பக்கத்தில் கணக்கு பாதியில் நின்றிருந்தது. இரண்டாம் பக்கத்தில் விடை பிழை. மூன்றாவதிலிருந்து எல்லாம் சரி.

“முதல் பக்கத்தில என்ன பிறை போட்டிருக்கன், பாருங்க. உங்கட தாளில என்ன பிறை?”

ஒரு நாள் வித்தியாசம். அறிவித்த பிறைகள் என் கொப்பியிலும் அவளுடைய கொப்பியிலும் ஒன்றாகவே இருந்தன. அப்படியென்றால் தொடக்கமே பிழை. மடிக்கணினியைத் திறந்து என் செயற்கூறை ஒவ்வோர் அடியாக ஓடவிட்டேன். அவள் கணவரின் பதிவை எடுத்தது. ஞாயிறு. அடையாளத்தைப் பார்த்தது. ஒரு நாள் கூட்டியது. திங்கள்.

திங்களா?

சனிக்கிழமை மஃரிபுக்குப் பின் போனவரை ஊர் வழக்கப்படி நான் ஏற்கெனவே ஞாயிறுக்குள் கொண்டுபோய் வைத்திருந்தேன். அதாவது அந்த ஒரு நாளை என் கை முதலே கூட்டிவிட்டது. பிறகு, மூன்று கிழமை சண்டை பிடித்து நானே எழுதிய வாக்கியத்தை நம்பி, என் செயற்கூறு இன்னொரு நாளைக் கூட்டியது. வேறெந்த ஊரில் இருந்தாலும், நள்ளிரவில் நாளை மாற்றுகிற யாருக்கும், இந்தப் பிழை வந்திருக்காது. நாள் மஃரிபில் தொடங்குகிறது என்று அவ்வளவு நன்றாகத் தெரிந்ததால்தான் எனக்கு வந்தது.

“நீ சரி” என்றேன். “நான்தான் பிழை. செவ்வாய் மஃரிப்.”

அவள் கொப்பியை மூடினாள். “மச்சானுக்கு இதை ஆரு செல்றது?”

“தாளை அடிச்சவள் செல்லுவாள்.”

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. மூத்த நானா கூடத்தில் கதிரையில் இருந்தார். வெங்காயமும் கருவாடும் மொத்தமாக வாங்கி விற்பவர், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருந்தவர். லேமினேட் செய்த தாள் அவருடைய மடியில். அவள் திரைக்கு உள்ளே. திரை ஓரமாக ஒரு முக்காலியில் நான்.

“தங்கச்சி, இந்தத் தாளை அடிச்சது ஆரு?”

“நான்தான் நானா.”

“கணக்குப் பாத்தது?”

“நான்தான்.”

“இப்ப பிழை எண்டு செல்றது?”

“அதுவும் நான்தான்.”

“நல்ல கதை. நாளைக்கு வந்து, இண்டைக்குச் சொன்னதும் பிழை எண்டு செல்ல மாட்டீங்களோ?”

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. “செல்ல மாட்டா மச்சான். இந்த முறை கணக்குப் பாத்தது நான்.”

அவர் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினார். “புதன் மஃரிபுக்கு துஆ எண்டு எல்லாருக்கும் செல்லியாச்சு. சஹன் சாப்பாட்டுக்குச் செல்லியாச்சு. வண்ணாத்திவில்லில இருந்து ஆக்கள் வாறாங்க. இப்பப் போய் மாத்தச் செல்றீங்களா? கொம்பியூட்டர் செல்லிச்சு, நாங்க கேட்டம்.”

“கொம்பியூட்டருக்கு மௌத்தும் தெரியாது, மஃரிபும் தெரியாது நானா. நான் செல்லிக் குடுத்ததை அது செல்லிச்சு. நான் பிழையாச் செல்லிக் குடுத்தன்.”

“ஒரு நாள்தானே தங்கச்சி. நாலு மாசம் இருந்தவளுக்கு ஒரு நாள் பெரிசா?”

ஒரு நாள்தானே. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, அந்த உத்தியோகத்தர் உதறிய பேனையின் மைத்துளி இன்னும் என் கையில் இருப்பதுபோல இருந்தது.

“ஒரு நாளில ஒண்டுமில்ல எண்டா, நீங்க ஏன் நானா அதைப் புடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க?”

அவர் முகம் சிவந்தது. உத்தியோகம் பார்க்கத் துடிக்கிற பெண்களைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். உள்ளேயிருந்து அவள் குறுக்கிட்டாள், குரலை உயர்த்தாமல்:

“மச்சான், அவருக்காக ஒரு நாளும் குறையாம இருந்திருக்கன். குறைக்கவும் கேக்கல்ல. ஆனா ஒரு நாள் கூட இருந்தா, அது அவருக்கில்ல. உங்கட சாப்பாட்டுக்கு.”

ஒழுங்கையில் ஒரு கழுதை கத்தியது.

அவர் மௌலவிக்குப் போன் எடுத்தார், எங்களுக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார். நடந்ததைத் தன் பக்கத்துக்குச் சாய்த்துத்தான் சொன்னார். மௌலவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மௌத்தான நேரம் என்ன?”

“சனிக்கிழமை. மஃரிப் தொழுதுட்டு எழும்பக்குள்ள.”

“அப்ப அண்டைக்கே ஞாயிறு தொடங்கிட்டு. அதில இருந்து எண்ணுங்க. மாசங்களுக்குப் பிறை என்ன மாதிரி?”

திரைக்குள்ளிருந்து அவள் ஒவ்வொரு மாதமாகச் சொன்னாள், நான் என் கொப்பியைப் பார்த்துத் தலையாட்டினேன். மௌலவி முணுமுணுத்துக்கொண்டு எண்ணினார்.

“செவ்வாய் மஃரிபோட முடியுது. சந்தேகமில்ல. அதோட ஹாஜியார், தேவைக்கு எண்டா பகலில வெளிக்கிட முதலே இடம் இருக்கு. புதன் எண்டாலும் அந்தப் புள்ள பரீட்சைக்குப் போகலாம்.”

“எனக்குச் சலுகை வேணாம்” என்றாள் அவள். “கணக்குச் சரியா இருந்தாப் போதும்.”

மௌலவி சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

போனை வைத்த பிறகு மூத்த நானா தாளை என்னிடம் நீட்டினார். “திருத்தித் தாங்க அப்ப.” நான் பேனையை எடுத்துப் ‘புதன்’ மேல் கோடு கிழித்தேன். லேமினேட் மேலே மை ஒட்டவில்லை. இரண்டாம் முறை அழுத்திக் கிழித்தேன். விரல் பட்டதும் அழிந்துபோனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நல்லாத்தான் பண்ணியிருக்கான்” என்றார், லேமினேட் செய்தவனைப் பற்றி. முதன்முதலாக அவருடைய முகத்தில் ஏதோ இளகியது. வேறொரு தாள் அடித்துத் தருகிறேன் என்று சொல்லி அதை நான் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய் மஃரிப் வந்தது. பாங்கு சொன்னதும் திரையை அவளே கழற்றி மடித்தாள். குளித்துத் தொழுதாள். மன்னார்ப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தோம். ஆளுக்கொரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி. அழுதவர்கள் அழுதார்கள். அவள் அன்றைக்கும் ஒரு கணக்குச் செய்தாள். அதற்கு இலக்கம் போடவில்லை.

புதன் காலை நானும் கூடப் போனேன். கடலேரிப் பக்கமிருந்து காற்று உப்பு மணத்தோடு அடித்துக்கொண்டிருந்தது. நீல நிறத்தில் ஒரு ஹபாயா போட்டிருந்தாள். அந்த நிறத்தைப் பார்க்க எனக்குத்தான் கண் கூசியது. அலுவலக வாங்குப் பலகையில் நான் கொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்தேன்.

“மூண்டு பேர் இருந்தாங்க” என்றாள் வெளியே வந்து. “ஒருத்தர் கேட்டார், இந்த நாலு மாசமும் வேலையில்லாம என்ன செய்தீங்க எண்டு. கணக்குச் செய்தன் எண்டன். சிரிச்சார். கொப்பியைக் காட்டினன். பிறகு சிரிக்கல்ல.”

அன்றைக்கு மஃரிபுக்கு மூத்த நானா வீட்டில் சஹன் சாப்பாடு, ஒரு பெரிய தட்டைச் சுற்றிச் சிலர் சேர்ந்திருந்து சாப்பிடும் விருந்து, நடந்தது. அதை அவர் மாற்றவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வண்ணாத்திவில்லிலிருந்து வந்தவர்களுக்கு, இத்தா நேற்றே முடிந்துவிட்டதென்று தெரியாது. அவளுக்கும் ஒரு சஹன் போனது. நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் என் பதிவுகள் முழுவதையும் தேடினேன். மஃரிபுக்குப் பின் என்ற அடையாளத்தோடு நான் தாள் அடித்துக் கொடுத்த மௌத்துகள் கொஞ்சம்தான். அவற்றில் அவளைத் தவிர இத்தா இருந்த பெண்கள் இரண்டு பேர். இரண்டு பேரையும் நான் ஒரு நாள் கூடுதலாக அறைக்குள் வைத்திருக்கிறேன். இதை ஏன் போய்ச் சொல்ல வேண்டும், அவர்கள் அறியவே போவதில்லை என்றான் தம்பி. பத்திரத்தில் என் இரட்டை. நான் போய்ச் சொன்னேன்.

முதலாமவர் வயதானவர். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். “அவருக்காக ஒரு நாள் கூட இருந்தன் எண்டு வெச்சுக்கொள்றன். மனிசன் உசிரோட இருக்கக்குள்ள அவ்வளவு நேரம் அவரோட இருந்ததில்ல” என்று சிரித்தார்.

இரண்டாமவர் சிரிக்கவில்லை. “அண்டைக்கு என்ர மகளுக்குப் புள்ள கெடச்ச” என்றார். “ஆஸ்பத்திரிக்கு நான் போகல்ல. நாளைக்குத்தானே முடியுது எண்டு இருந்தன்.”

அவர் எனக்குத் தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அந்த விளக்கத்தைத் திறந்தேன். ‘சூரியன் மறைந்த பிறகு நடந்தவற்றுக்கு ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளவும்’ என்ற என்னுடைய வாக்கியத்தின் கீழே இன்னும் நான்கு எழுதினேன்: ‘ஆனால் உங்கள் பதிவு ஏற்கெனவே ஊர் வழக்கப்படி அடுத்த நாளில் எழுதப்பட்டிருந்தால் கூட்ட வேண்டாம். பதிவில் உள்ள நாள் எந்த வழக்கத்தில் உள்ளது என்பதை இந்தச் செயற்கூறு அறியாது. பிறையையும் இது பார்ப்பதில்லை. இதை எழுதியவர் இரண்டு முறை கூட்டியதால் மூன்று பெண்களின் நாட்கள் பிழைத்தன.’

ஒருங்கிணைப்பவர் இரண்டு நாளில் பதில் அனுப்பினார். முதல் மூன்று வாக்கியங்களும் பயனுள்ளவை, நன்றி என்றார். கடைசி வாக்கியத்தை எடுத்துவிடும்படி கேட்டார். விளக்கத்தில் எழுதியவரின் பிழைக்கு இடமில்லை, அது மென்பொருளின் மீதுள்ள நம்பிக்கையைக் குறைக்கும் என்றார்.

நான் எழுதினேன்: ‘குறையட்டும். நம்பித்தான் லேமினேட் செய்தார்கள். எழுதியவரின் பிழைக்கு இடமில்லை என்றால் எழுதியவரின் பெயருக்கும் இடமில்லை. பெயரை எடுத்துவிடுங்கள், பிழை இருக்கட்டும்.’

அவர் வெட்டினார். நான் திரும்பப் போட்டேன். அவர் வெட்டினார். மூன்று கிழமை எனக்குப் பழக்கமான தூரம்தான். இந்த முறை ஐந்து கிழமை போனது. கடைசியில் அவர் என் பெயரை எடுத்தார். வாக்கியத்தை விட்டுவிட்டார். இப்போதும் அந்தச் செயற்கூறின் பெயரைத் தட்டித் தமிழில் உதவி கேட்டால் அது அப்படியே வரும். அதை யார் எழுதியது என்று தெரியாது, ஏன் எழுதப்பட்டது என்று தெரியும்.

அவளுக்கு நியமனம் வந்தது. குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் ஒரு பாடசாலை. காலை பஸ்ஸுக்கு என் வாசலைத் தாண்டித்தான் போகிறாள். நேரம் பிந்தினால் ஓடுவாள், நான் மணியைப் பார்ப்பேன்.

தாள் அடிக்கும் வேலையை நான் விடவில்லை. விட்டுவிடச் சொன்னவர்கள் இருந்தார்கள். என் செயற்கூறைப் பிரித்துத் திரும்பக் கட்டினேன், அவள் பக்கத்தில் இருந்து ஒவ்வோர் அடியாகச் சரிபார்த்தாள். கூட்டும் அடியை எடுத்தோம். தாளின் அடியில் இரண்டு வரிகளைச் சேர்த்தோம். முதலாளிக்கு இரண்டாவது வரி பிடிக்கவில்லை, லேமினேட் மெஷின் அவருடையது. ஆனாலும் அது நிற்கிறது, எல்லாத் தாளிலும், தடித்த எழுத்தில்:

இத்தா இருப்பவர் தாமும் எண்ணிப் பார்க்கவும்.

லேமினேட் செய்ய வேண்டாம்.